காய்ச்சலோடு இறங்கிய சமையற்காரர்

என் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க இன்று நகல் எடுக்கப் போனேன். இயந்திரத்திலிருந்து சூடாக வந்த தாளின் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது, சின்யோர்.

உங்களைப் பார்த்துக்கொள்ள, இத்தாலியக் கடலோர ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு நான் வந்த முதல் கிழமையே மீன்கடைக்காரர் எச்சரித்தார். உலகப் போரில் உங்கள் நீர்மூழ்கிக் கப்பல் போனது போனதுதானாம், ஒருவரும் திரும்பவில்லையாம். சமையற்காரரான நீங்கள் மட்டும் அது புறப்படுவதற்கு முதல்நாளே நழுவிவிட்டீர்களாம். காய்ச்சலில் இறக்கிவிட்டார்கள் என்று நீங்கள் ஐம்பது வருடமாகச் சொல்லிக் களைத்திருந்தீர்கள். யாழ்ப்பாணத்துச் சண்டைக்குள் கூட்டாளியை விட்டு வந்த எனக்கு அதைச் சும்மா கேட்டுவிட்டு இருக்க முடியவில்லை. கப்பலின் சேவைப் பதிவைக் கேட்டு ரோமிலுள்ள கடற்படை ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். பெர்மெஸ்ஸோ தரும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்கு விண்ணப்பம் எழுதி எழுதித் தேறிய கை அல்லவா!

எட்டுப் பக்கம் வந்தது. உங்கள் கண் மங்கியிருந்ததால் நான்தான் வாசித்தேன். எந்தத் துறைமுகம், எங்கே குண்டுக்குத் தப்பியது, எவ்வளவு நேரம் கடலடியில் கிடந்தது என்று ஒவ்வொரு வரிக்கும் மேசையில் தட்டினீர்கள். "ஓம், அண்டைக்கு எல்லாக் கோப்பையும் உடைஞ்சது," என்றீர்கள். நீங்கள் இத்தாலியத்தில் சொன்னதெல்லாம் எனக்குள் ஊர்த்தமிழில்தான் கிடக்கிறது. கடைசிப் பயணத்துக்கு மேலே ஒரு வரி: சமையற்காரர் காய்ச்சலுடன் கரையிறக்கப்பட்டார். நான் கத்தியே விட்டேன். நீங்கள் மூன்று தரம் வாசிக்கச் சொன்னீர்கள்.

ஒரு கடிதம் கிடைத்தால் பத்து நகல் எடுத்து வைக்காமல் எங்கள் ஆட்களுக்கு நித்திரை வராது. உங்களைக் கேட்காமலே ஓடிப்போய் நாற்பது எடுத்தேன். கோப்பிக் கடை, தேவாலய வாசல் என்று ஓரிடம் விடாமல் கொடுத்தேன். மீன்கடைக்காரர் தாளை வாசித்துவிட்டு ஒரு நல்ல கணவாயைச் சுற்றித் தந்தார்.

மாலையில், அந்தக் கப்பலோடு போன ஒருவரின் மனைவி வந்தார். ஐம்பது வருடம் உங்கள் பக்கம் திரும்பாதவர். தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்.

"நீ இறங்கிட்டாய். பிறகு அவையளுக்கு ஆர் சமைச்சது?"

"உன்ரை மனுசன்தான். கரண்டியை அவனிட்டைக் குடுத்திட்டுத்தான் இறங்கினனான்."

"அந்தாளுக்குத் தண்ணி கொதிக்க வைக்கவும் தெரியாதே," என்று சிரித்தபடியே அழுதார். நீங்களும்தான். விளக்கு வைக்கும்வரை இருவரும் அந்த மனுசனைப் பற்றியே கதைத்தீர்கள்.

அந்த மாரியில் நீங்களும் போய்விட்டீர்கள். என் ஊரில் அந்தக் கூட்டாளியின் தாய், தன் மகனைக் கைவிட்டு நான் ஓடி வந்ததாகத்தான் இன்றும் நினைக்கிறாள். கடைசியாக அவன் என்னிடம் என்ன கதைத்தான் என்று அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்பாள் என்று, ஒரு சொல்லும் மறக்காமல் வைத்திருக்கிறேன்.