என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு

ஏனுங்க, கேக்குதுங்களா? என் பிரியமான சரவணனுக்கு,

நீங்கள் போய் ஆறு வருடம் ஆகிறது. இத்தனை நாளில் உங்களுக்காக அழுதிருக்கிறேன், உங்களைத் திட்டியிருக்கிறேன், ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுத உட்கார்ந்திருப்பது கோபத்தில்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சேதியையும் சொல்லிவிடுகிறேன். நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். அவர் பெயர் லூக்கா, இத்தாலிக்காரர். எங்கள் மில்லில் புது நூற்பு இயந்திரம் பொருத்த வந்தவர். பிறகு நான் பயிற்சிக்காக அவர் ஊருக்குப் போனேன், அப்படியே பழக்கமானது. உங்களைப் பற்றி முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நல்ல சிரிப்பு" என்றார். உங்களுக்கு வருத்தமாக இருக்குமா? அவரைப் பிடிக்குமா? யாரிடம் கேட்பேன்?

கல்யாணம் அவர் ஊரின் பதிவு அலுவலகத்தில். அந்நிய நாட்டுக்காரி அங்கே கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றால், அவள் நாட்டில் அதற்குத் தடை எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். அதற்கு என் பிறப்புச் சான்றிதழ், எனக்கு இப்போது கணவர் இல்லை என்று வட்டாட்சியர் தரும் சான்று, உங்கள் இறப்புச் சான்றிதழ், எல்லாவற்றிலும் வெளியுறவுத் துறை முத்திரை. இவற்றை அங்குள்ள நம் தூதரகத்தில் கொடுத்தால் தடையின்மைச் சான்று கிடைக்கும். லூக்கா தன் ஊர் அலுவலகத்தில் ஒரு காலைப்பொழுது வரிசையில் நின்று தன் தாள்களை வாங்கி வந்துவிட்டார். எனக்கு இதுவரை ஏழு மாதம் ஆகிவிட்டது.

உங்கள் இறப்புச் சான்றிதழை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அது எனக்கு எதற்கு? நீங்கள் இறந்துவிட்டதை ஒரு தாள் வந்தா எனக்குச் சொல்ல வேண்டும்? இ-சேவை மையத்தில் அச்செடுத்துக் கொடுத்தார்கள். அங்கேயே நின்று படித்தேன். உங்கள் பெயர், உங்கள் அப்பா பெயர், அம்மா பெயர். கணவர் அல்லது மனைவி பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.

என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அது வெறும் கோடு. லாரி அடித்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், உங்கள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே உங்கள் அண்ணன் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். நானும் நீங்களும் நான்கு வருடம் வாழ்ந்த வாழ்க்கையை அவர் ஒரே இழுப்பில் முடித்துவிட்டார்.

வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். எழுதினால் இன்னும் ஏழு மாதம் ஆகும். அங்கே இருந்தவர் மிகவும் மரியாதையானவர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். நம் கோவில் ரசீதையும் கல்யாணப் போட்டோக்களையும் புரட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மணி, கல்யாணத்தப் பதிவு பண்ணலீங்களா?"

"இல்லீங்க."

"ரேசன் கார்டுல பேரு?"

"ரெண்டு பேரும் அவங்கவங்க ஊட்டு கார்டுலயே இருந்துட்டமுங்க."

"அப்பறம் எதை வெச்சுங்க உங்கள அவரு சம்சாரம்னு எழுதறது? போட்டோ யாரு வேணும்னாலும் எடுக்கலாமுங்க." கொஞ்சம் குனிந்து, எனக்கு நல்லது செய்கிறவர் குரலில் சொன்னார். "நாஞ் சொல்றதக் கேளுங்க. உங்களுக்கு இதுவரைக்கும் கல்யாணமே ஆகலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. எந்தக் காயிதத்துலயும் அவரு இல்லீங்களே. ஒரு வாரத்துல சான்று குடுத்துப்போடலாமுங்க."

எந்தக் காயிதத்துலயும் அவரு இல்லீங்களே. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டு, நீங்கள் இருந்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். பொய்க் கையெழுத்துப் போடச் சொல்வது அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். உண்மையைச் சொல்கிற நான் ஆதாரமில்லாதவள். "அது பொய்யிங்க. நான் போட மாட்டனுங்க" என்று எழுந்து வந்தேன்.

அன்று உங்கள் மேல் வந்த கோபம் இருக்கிறதே! கல்யாணத்தைப் பதிவு செய்துவிடலாம் என்று எத்தனை தடவை சொன்னேன்? "அப்பறம் பாத்துக்கலாம் அம்மணி, எங்க போயிரப் போறம்?" என்பீர்கள். அண்ணன் மனம் மாறட்டும், குடும்பத்தோடு போய்ப் பதிவு செய்யலாம் என்பீர்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒருத்தியைக் கட்டியதை அந்தக் குடும்பம் ஏற்றுக்கொள்ளும் என்று நீங்கள் காத்திருந்தீர்கள். உங்கள் நம்பிக்கைக்கு நான் இப்போது அலுவலகம் அலுவலகமாக அலைகிறேன். எங்கேயும் போய்விட மாட்டோம் என்றீர்களே, போய்விட்டீர்களே.

லூக்காவிடம் போனில் சொன்னேன். "கையெழுத்துப் போட்டுவிடு, உண்மை நம் இருவருக்கும் தெரியுமே" என்றார். போனை வைத்துவிட்டேன். இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மறுநாள் அவரே கூப்பிட்டார். "நேற்று நான் சொன்னது தப்பு. ஒருநாள் என் பெயருக்கும் யாராவது அப்படி ஒரு கோடு போட்டுவிடலாம் என்று தோன்றியது. எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும், அவர் பெயரோடு வா" என்றார். இவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறுதியானது.

இறப்புச் சான்றிதழில் என் பெயரைச் சேர்க்க மனுப் போட்டேன். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் உங்கள் குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும் என்றார்கள். உங்கள் உக்கடத்து நண்பர் பஷீர் பாய், நான் கேட்டு முடிப்பதற்குள் பேனாவை எடுத்துவிட்டார். "தாலி கட்டறப்ப மாலையப் புடிச்சுட்டு நின்னவன் நானுங்க" என்றார். இன்னொரு கையெழுத்துக்காகக் காங்கேயம் பஸ் ஏறினேன்.

உங்கள் குடும்பத்து எண்ணெய் மில் களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. உங்கள் அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க, உக்காருங்க, காபி குடிங்க" என்றார். இந்த உபசாரத்துக்கு மட்டும் ஒரு குறையும் கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"நீங்கதான் வேற கல்யாணம் பண்ணீட்டுப் போறீங்களே, இனி எதுக்குங்க அது? என்ற புள்ளைக்கு வரன் பாத்துட்டு இருக்கறமுங்க. சித்தப்பன் வேற ஆளுங்களக் கட்டுனான்னு காயிதத்துல ஏறுனா நல்லாருக்குமுங்களா?"

"அப்ப நான் யாருங்க? நாலு வருசம் அவரோட இருந்தது யாருங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

தெரியாதாம்! காரியத்தன்று ஆள் அனுப்பி என்னைத் தன் வீட்டுக்கு வரவழைத்தவர் அவர்தான். நடுவீட்டில் உட்காரவைத்து, ஊர்ப் பெண்கள் சுற்றி நிற்க, என் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றினார்கள். தாலியைக் கழற்றுவதற்கு மட்டும் நான் உங்கள் மனைவி, தாளில் எழுதுவதற்கு யாரோ. இதை நான் சத்தம் போட்டுச் சொன்னேன். களத்தில் வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அவர் மில்லுக்குள் போய்விட்டார். காபியைத் தொடாமல் கிளம்பினேன்.

நான்காம் நாள் எனக்கு ஒரு போன். உங்கள் அண்ணி வசந்தாக்கா. "கண்ணு, நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். எங்க வந்து கையெழுத்துப் போடோணும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடினேன். கையில் ஒரு துணிப்பையோடு தனியாக நின்றுகொண்டிருந்தார். அந்த அக்கா என்னோடு சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை. நோட்டரி அலுவலகத்தில் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தார். 'மேற்படி சரவணனின் மனைவி ரேணுகா என்பதை நான் நேரில் அறிவேன்' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"அன்னைக்கு உன்ற தாலியக் கழட்டுனது இந்தக் கைதான் கண்ணு" என்றார். "அவிய சொன்னாங்க, செஞ்சுபோட்டேன். நீ பொண்டாட்டியே இல்லைன்னா உன்ற கழுத்துல நான் எதுக்குக் கை வெச்சேன்?"

"மாமா தெரிஞ்சா என்ன சொல்லுவாருங்கக்கா? பாப்பா கல்யாணம் வேற..."

"சொல்லட்டும். இருவது வருசமாச் சொல்லீட்டுத்தான் இருக்காரு. இதக் கேட்டுப்போட்டு வேண்டாங்கற மாப்பிள்ளை என்ற புள்ளைக்கும் வேண்டாம்."

கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன், மாட்டேன் என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அந்த வீட்டில் அன்று அவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் "ஒண்ணுமில்ல கண்ணு" என்கிறார். ஒன்றும் இல்லாமலா இருக்கும்?

அதன் பிறகும் இரண்டு மாதம் ஆனது. அதிகாரி விடுப்பு, கணினி வேலை செய்யவில்லை, ஒரு நகல் குறைகிறது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு போய் நின்றேன். சென்ற வாரம் புதுச் சான்றிதழ் கைக்கு வந்தது. கோடு இல்லை. மனைவி பெயர்: ரேணுகா.

அரசாங்கம் நம் இருவர் பெயரையும் ஒரே தாளில் அச்சடித்தது இதுதான் முதல் முறை. அது உங்கள் இறப்புச் சான்றிதழ். இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா சொல்லுங்கள்? சாலையோரத்தில் நின்று அழுதேன். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. உங்கள் அண்ணனை நான் மன்னிக்கவில்லை. "கல்யாணமே ஆகலைன்னு எழுதிக் குடுங்க" என்ற அந்த மரியாதையான மனிதரையும் மன்னிக்கவில்லை. உங்களை மட்டும் மன்னித்துவிட்டேனா? இன்றைக்குக் கேட்காதீர்கள்.

வட்டாட்சியர் சான்று நேற்று வந்துவிட்டது. 'கணவரை இழந்தவர்' என்று அதில் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் சண்டை போட்டு வாங்க வேண்டியிருந்தது. தாள்கள் முத்திரைக்குப் போயிருக்கின்றன. அவை திரும்பியதும் கிளம்புகிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்த ஊரில் எந்தப் படிவத்தை நீட்டினாலும், இதற்கு முன் திருமணம் நடந்ததா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதுவேன். பக்கத்தில் உங்கள் முழுப் பெயரையும் எழுதுவேன். இடம் போதாவிட்டால் ஓரத்தில் எழுதுவேன். தேவையில்லை என்று யாராவது அடித்தால், மறுபடியும் எழுதுவேன்.

உங்கள் மனைவி,
ரேணுகா