நாத்தனாருக்குக் கடைசி முறை

மார்ச் 3
பெரியவன் என்ஜினியர். அடுத்தவள் பல் டாக்டர். மூன்றாமவன் நீச்சலில் கோப்பை வாங்கியிருக்கிறான், என் பேரன் என்று சொல்லவே நாக்கு இனிக்கிறது. நாலாவதாக ஒரு பேத்தி, சின்னவள், என்னோடு இருக்கிறாள். ஏதோ கம்ப்யூட்டர் என்கிறாள். சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

மார்ச் 5
யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய கையடக்கக் கணினியைச் சின்னவள் ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். சோப்பு டப்பா அளவு, திரையெல்லாம் கீறல். குடும்பப் படங்கள் அதற்குள்தான் இருக்கின்றனவாம். சொந்தக்காரர்கள் போனில் திறந்தால் அதுதான் எடுத்துக் காட்டுமாம். சர்வராம்! படம் வைக்கப் பெரிய கம்பெனியில் இடம் கேட்கக் கூடாதா என்றேன். நம்ம வீட்டுப் படம் நம்ம வீட்டிலேயே இருக்கட்டும் என்றாள். கஞ்சப்பிசினாறி.

மார்ச் 8
நாத்தனார் போனில் இளித்தாள். "கோப்பையா? கண்ணுல காட்டுங்க அண்ணி, பார்ப்போம்."
இவள் பேரன் ஒரே வகுப்பை விட்டு நகர மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். இவளுக்கு வாய்.

மார்ச் 9
கோப்பைப் படம் டப்பாவில் ஏறியது. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் பாருங்கள் என்று சொந்தபந்தம் ஒன்று விடாமல் சொல்லிவைத்தேன். ஆறு மணிக்கு அத்தனை பேருக்கும் வெறும் வெள்ளைத் திரை. நாத்தனார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. மானம் போச்சு. அந்தச் சனியனைக் குப்பையில எறிடி என்று கத்தினேன். சின்னவள் அதைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். அப்படிச் சூடு.
"ஊரையே ஒரே நேரத்துல வாசல்ல நிறுத்தினா அது என்ன பண்ணும் பாட்டி? உங்க பெருமை தாங்காம படுத்துடுச்சு."
எனக்கே பேச்சு. சாப்பிடவில்லை.

மார்ச் 10
மறுபடி கிளப்பிவிட்டாள். படங்களையும் சிறிதாக்கியிருக்கிறாள். ஒவ்வொருத்தராக வந்தால் தாங்குமாம்.
அப்படியா? வரிசையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 11
காலையிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொரு வீடாக விட்டேன். டப்பா மூச்சு விடாமல் காட்டியது. நாத்தனார் நடுநடுவே கூப்பிட்டாள். "உன் முறை இன்னும் வரலையே" என்று வைத்தேன். என்ன சுகம்! பொழுது சாய்ந்தபிறகுதான் விட்டேன். பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.
"எல்லாரும் இருக்காங்க. இதைச் செஞ்ச புள்ள எங்கே அண்ணி?"
பேத்திகளை எண்ணத் தெரியாதவளா நான்? லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 12
சின்னவளை ஜன்னலோரம் நிறுத்தி, டப்பாவைக் கையில் கொடுத்து, நானே படம் எடுத்தேன். ஓரத்தில் என் விரல் விழுந்திருக்கிறது, இருக்கட்டும். இந்தப் புதுப் படத்தை எல்லாருக்கும் மேலே போடுடி என்று கேட்டிருக்கிறேன். நாளைக்கு முதல் முறை நாத்தனாருக்கு.