முதலாளிக்குச் சொல்லாமல் ஒரு வண்டி

அக்டோபர் 6, 1958, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். வேலை இல்லாத மூன்றாம் நாள்.

பதினான்கு வருஷம் முதலாளியின் லாரியில் நகரித் துணி மூட்டைகளைத் திருப்பதிக்கு ஓட்டினேன். வெள்ளிக்கிழமை சாவியை வாங்கிக்கொண்டார். நகரியை ஆந்திராவிலிருந்து பிரித்து மெட்ராஸ் ராஜ்யத்தில் சேர்க்கக் கேட்கும் மகஜரில் என் கையெழுத்து இருக்கிறதாம். அவர் வீட்டிலும் தமிழ்தான். ஆனால் வியாபாரம் முழுக்கத் திருப்பதியில். நடுவில் எல்லை வந்தால் அவருக்கு நஷ்டம்.

"கையெழுத்த வாபஸ் வாங்கிக்கினு வா. சாவி ஆணியிலதான் மாட்டிக்கினு இருக்கும்."

இருக்கட்டும். ஆணியும் அவருடையதுதான்.

முதலாளி என்று முழுசாக எழுதக் கை வரவில்லை. இனி மு. போதும்.

சாயங்காலம் என் சம்சாரம் பட்டுவிடம் சொன்னேன்: பழைய பிக்கப் வேன் ஒன்று, சொந்தமாக. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். தறியை நிறுத்தாமலே கேட்டாள்: "பெட்ரோலா, டீசலா?"

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். பல்வலி.

கையில்: என் சீட்டுப் பணம், பட்டுவின் வளையல். எல்லாம் சேர்ந்து ஐயாயிரத்து நானூறு. அதற்கு மேல் போனால் இரண்டு தறியில் ஒன்றை விற்க வேண்டும்.

டீசல்: எண்ணெய் பாதி விலை. ஏற்றத்தில் அசராது. ஆனால் வண்டி விலை அதிகம். பம்ப் போனால் மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பெட்ரோல்: வாங்கும்போது மலிவு, ஓட்டும்போது செலவு. ரிப்பேர் என் கையாலேயே ஆகும்.

துணி மூட்டை இடத்தைத்தான் அடைக்கும். கனம் கிடையாது. அவ்வளவு இழுவை எதற்கு? ஆனாலும் மனசு டீசலிலேயே நிற்கிறது. ஊரில் எல்லாரும் டீசல் டீசல் என்கிறார்கள்.

குறிப்பு: கிராம்பு வாங்க.

அக்டோபர் 9, வியாழன்

திருப்பதி. திருச்சானூர் ரோட்டில் ஒரு தரகன் ஷெட். டீசல் வேன், பச்சை. ஆறாயிரம், கடைசி விலை. தொட்டவுடன் ஸ்டார்ட். மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. தறி போனாலும் போகட்டும் என்று தோன்றிவிட்டது. சனிக்கிழமைக்குள் சொல்வதாக வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில், புத்தூர் தாண்டியபோதுதான் உறைத்தது. நான் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே, பானெட்டைத் திறந்தபோது கை சுட்டது. காலையில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான்.

அக்டோபர் 11, சனி

நேற்றே கிளம்பித் திருச்சானூர் சத்திரத்தில் படுத்தேன். மூட்டைப்பூச்சி. ஐந்தரைக்குச் சொல்லாமல் போய் ஷெட் வாசலில் நின்றேன். நல்ல பனி.

ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஹேண்டில் சுற்றினார்கள். வெள்ளைப் புகை. இருமல், அவர்களுக்கும் வண்டிக்கும். இருபது நிமிஷம் கழித்துப் பிடித்தது, ஒரு காலை இழுத்துக்கொண்டு நடப்பவன் மாதிரி.

"சொல்லிட்டு வரக் கூடாதா அண்ணா?" என்றான் தரகன்.

"தெனம் காத்தால நான் வண்டியாண்ட சொல்லிட்டு வரணுமா?"

ஐந்நூறு குறைக்கிறேன் என்றான். பிறகு எழுநூறு. எழுநூறு குறைத்தால் தறி தப்பும். ஆனாலும் பம்ப் போகப்போகிற வண்டி. வந்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை. சித்தூரில் ஒரு காண்டிராக்டர் வீட்டில் பெட்ரோல் வேன் இருப்பதாகத் தகவல். அவர் காலமாகிவிட்டார், சம்சாரம் விற்கிறார்களாம்.

பட்டுவிடம் மறுபடி கணக்குச் சொன்னேன். பெட்ரோல் வண்டி ரொம்பக் குடிக்கும் என்றேன்.

"நீ குடிக்கறத வுட்டு ஆறு வருசம் ஆவுது. அதுவாவது குடிக்கட்டும்."

சாப்பாட்டுக்கு நடுவில் இருவரும் சிரித்தோம். இந்த வாரத்தில் முதல் தடவை.

அக்டோபர் 14, செவ்வாய்

சித்தூர். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தெலுங்குக்காரர், தெலுங்கு கலந்து தமிழும் பேசினார். உட்காரச் சொல்லவில்லை.

"நேத்து ஒரு மனுஷன் வந்தான். நகரியிலிருந்து ஒரு டிரைவர் வருவான், அவனுக்கு விக்காதீங்கன்னான்."

மு.வின் ஆள். இங்கேயும் வந்துவிட்டான். திரும்பிப் போகலாமா என்று நினைத்தேன்.

"அந்த மெட்ராஸ் காகிதத்துல சந்தகம் போட்டது நிஜமா?"

"நிஜம்தாம்மா. கையெழுத்து என்னுதுதான்."

"நானும் போட்டேன். இந்தப் பக்கத்துக் காகிதத்துல. திருத்தணியும் ஆந்திராவுக்கே வேணும்னு."

அவரே சாவியை நீட்டினார்.

"என் வண்டிய யாருக்கு விக்கணும்னு எவனோ வந்து சொல்றதா? ஓட்டிப் பாரு."

பானெட்டில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. இரண்டாம் இழுப்பில் ஸ்டார்ட். சத்தம் சுத்தம். பின் டயர் ஒன்று வழுக்கை. பின்பக்கப் பலகையில் விரிசல். நாலாயிரத்து எண்ணூறு சொன்னார். நாலாயிரத்து அறுநூறுக்குக் கேட்டேன்.

"டயருக்காகக் கொறைக்கறேன். உன் சந்தகத்துக்காக இல்ல."

முடிந்தது. காபி கொடுத்தார். சர்க்கரை தூக்கல்.

தறி இரண்டும் நிற்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

சித்தூரில் பேப்பர் மாற்ற நாள் முழுக்க. தற்காலிக பர்மிட்தான். குமாஸ்தா தெலுங்கில் கையெழுத்துப் போடச் சொன்னார். "என் கையெழுத்து இப்படித்தான் சார் இருக்கும்" என்று தமிழில் போட்டேன். காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். முத்திரை குத்திவிட்டார்.

ராத்திரிக்குள் வீடு. பட்டு வண்டியைச் சுற்றி வந்து, விரிசல் விட்ட பலகையைத் தட்டிப் பார்த்தாள். தூங்கப்போகும் முன் இன்னொரு தடவை எழுந்து போய்ப் பார்த்தாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

தெருத் தெருவாகப் போய் நெசவுக்காரர்களிடம் மூட்டை கேட்டேன். மு. எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறார்: என் வண்டியில் மூட்டை ஏற்றுகிறவனுக்கு இனி அவரிடமிருந்து நூல் கிடையாது. கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டே இல்லை என்கிறார்கள். அவர்கள் மேல் கோபமில்லை. நூல் இல்லாமல் தறி என்ன செய்யும்.

பலகைக்கு ஆணி அடித்தேன். கட்டைவிரல் நசுங்கியது.

அக்டோபர் 20, திங்கள்

மழை விட்டிருந்தது. ஐந்து மணிக்கு ஸ்டார்ட்.

நாற்பது மூட்டை ஏறும் வண்டி. எங்கள் வீட்டு மூட்டை நாலு. தெருமுனையில் பட்டுவின் அண்ணன் இரண்டோடு நின்றார். ஸ்டேஷன் பக்கம் ஒரு கிழவர் கை காட்டி, தலையிலிருந்த ஒன்றை இறக்கினார். பேர் கூடத் தெரியாது. "நூலு அவன்கிட்டதான் இருக்குதா? புத்தூர்லயும் கெடைக்கும்" என்றார். ஆக மொத்தம் ஏழு. பெட்ரோல் காசுக்குக் கூடக் கட்டாது.

மு. அவர் ஷெட் வாசலில் பல் குச்சியோடு நின்றார். அவர் லாரிக்கு இன்னும் புது டிரைவர் வரவில்லை. கை காட்டினார், நிறுத்தினேன். பின்பக்கம் எட்டிப் பார்த்து எண்ணினார்.

"ஏழு மூட்டைக்கு ஒரு வண்டியா?"

"ஆமா மொதலாளி. ஏழுதான்."

"எத்தினி நாளைக்கு?"

"நாளைக்குப் போவேன். நாளான்னிக்கும் போவேன். நவுருங்க, சக்கரம் கால்ல ஏறும்."

நகர்ந்தார்.