ஏப்ரனில் ஒட்டியிருந்த மாவு

குவைத்,
வெள்ளிக்கிழமை

பாசமுள்ள அம்மாவுக்கு வஹீபாவின் சலாம். முட்டிவலி குறைந்ததா? நான் அல்லாஹ்வின் கிருபையால் நலம்.

நேற்று ஒரு கூத்து நடந்தது, பயப்படாமல் படியுங்கள். எங்கள் கடையில் கோதுமையே கூடாது; கேக்கெல்லாம் புரோட்டீன் பவுடரும் பாதாம் மாவும்தான். கோதுமை துளி பட்டாலும் குடல் புண்ணாகிவிடும் ஒரு சிறுமிக்குப் பிறந்தநாள் கேக் செய்து மேசைக்கு அனுப்பினேன். பிறகு பார்த்தால் ஏப்ரனில் வெள்ளைத் தூள். பவுடர்தானே என்று தொட்டு நாக்கில் வைத்தேன். நம் வீட்டுக் கோதுமை ருசி! காலையில் தங்கும் அறையில் ரொட்டிக்கு மாவு பிசைந்தபோது கட்டியிருந்த ஏப்ரனோடே வந்திருக்கிறேன்.

ஓடிப்போய், சிறுமி வாயருகே கொண்டுபோன துண்டைப் பிடுங்கினேன்.

"பைத்தியமா உனக்கு? பிள்ளை கையிலேர்ந்து பிடுங்குற!" என்று அவள் தாய் கத்தினாள்.

"கோதுமை பட்டிருக்கும்மா. என் தப்புதான்."

அவள் பிள்ளையின் வாயைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளியம்மா ஜோசியான் என் ஏப்ரனைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். அது நீங்கள் தைத்துக் கொடுத்தது. வேறு கேக் செய்தேன். "அக்கா, இது ரப்பர் மாதிரி இருக்கு. பிடுங்குனதே நல்லா இருந்திருக்கும்," என்றாள் சிறுமி. எல்லோரும் சிரித்தார்கள்.

இனி அறையில் ரொட்டி சுடமாட்டேன். யாராவது இங்கே வந்தால், நீங்கள் பிசைந்த மாவை மூடிவைக்கும் துணியைக் கொடுத்தனுப்புங்கள். துவைத்துக் கொடுங்கள். வேண்டாம், துவைக்காதீர்கள். கடைக்கு எடுத்துப் போகமாட்டேன், தலையணைக்கடியில்தான் வைத்திருப்பேன்.

கடைக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

வஹீபா