‘போற்றுமின்’ என எழுதற்க

வானம் முறைதவறாது வழங்குக, வரம்புகள் நிற்க. வெண்குன்ற நாடாளும் கோமகள் வானவை நங்கையார் திருவாணையைத் தலைமேற்கொண்டு, தலைமை அமைச்சர் காடன் உதியனார், கீழைமண்டலம் காக்கும் அதியரையருக்கு விடுக்கும் ஓலை. அரையர்தம் கோட்டையும் கொற்றமும், குடியும் கழனியும், கன்றும் காராவும் தீங்கின்றி நிலைபெறுக. உமக்குரிய மற்றைப் பட்டங்கள் யாவும் இங்கே எழுதியதாகவே கொள்க. எழுத நேரமில்லை.

இக்கட்டின் மேல் சிவப்பு நூலால் கட்டிய சிற்றோலை ஒன்று உண்டு. முதலில் அதனைத் தாழிக்குளத்து ஏரிக்குக் கீழுள்ள ஊர்தோறும் பறையறைந்து படிக்கச் செய்க. ஆட்கள் புறப்பட்ட பின்னர் அமர்ந்து இதனைப் படிக்கலாம்.

உம் ஏரிக்கரை கசிகிறது என்ற செய்தியும், குடிகளை எச்சரிக்க நீர் எழுதுவித்து ஒப்புதலுக்கு விடுத்த ஓலையும் இன்று காலை வந்து சேர்ந்தன. அழகான ஓலை, எதுகை ஓரிடத்தும் பிசகவில்லை. ஆயினும் அதன் நடுவே ‘போற்றுமின்’ என்னும் சொல்லைக் கண்டபோது அமைச்சர் கையிலிருந்து ஓலை நழுவி விழுந்தது. காற்றடித்தது என்று அவையோர் எண்ணினர். காற்று ஏதும் அடிக்கவில்லை; அது அச்சம். அந்த அச்சத்தின் காரணத்தை அரையர் அறிதல் வேண்டும்.

அரண்மனை ஓலைகளையெல்லாம் எழுதும் தலைவர் சேந்தன் எழினியாரை நீர் அறிவீர். அவர் ஓலை ஒன்று எழுதினால் அதைப் படிக்கப் புலவரும், விளங்கிக்கொள்ள இன்னொரு புலவரும் வேண்டும் என்று அவையில் கேலி பேசுவதுண்டு. அவரும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். சென்ற ஐப்பசி அடைமழையில் மழைக்கண் ஏரியின் கரைக்காவலன் நனைந்த உடையோடு ஓடிவந்து, “கரை ஊறிப்போச்சுங்க, நாளைக்குத் தாங்காது” என்று எழினியாரிடம் சொன்னான். ஏரிக்கு நேர் கீழே கிடப்பது அல்லிக்கரை. அவர் மகள் பூதிநங்கை வாழ்க்கைப்பட்ட ஊர். அப்போது அவள் நிறைமாதக் கர்ப்பிணி.

பயந்தவர் பயந்தபடியே எழுதியிருக்கலாம். ஆனால் கோமகள் பெயரால் ‘ஓடிப்போங்கள்’ என்று மொட்டையாக எழுத அவருக்கு மனம் வரவில்லை. அரச வாக்குக்கு அது இழுக்கு என்று கருதினார். ஆகவே இவ்வாறு எழுதினார்: “மழைக்கண் மடந்தை தன் மாடம் நீங்கி நிலமிசை எழுந்தருளும் பொழுது அணித்தாதலின், அல்லிக்கரை வாழ் குடிகள் யாவரும் இல்லம் நீங்கி ஒருங்கு திரண்டு, அவள் வரும் வழியினைப் போற்றுமின்.” பழைய வழக்கில் போற்றுதல் என்பதற்குத் தற்காத்துக்கொள்ளுதல், எச்சரிக்கையாய் இருத்தல் என்றும் பொருள் உண்டு. எழினியார் எண்ணியது அப்பொருளையே. ஓலை போன பின்னரே அவருக்கு மூச்சு சீரானது. தம் எழுத்தைக் கேட்டு மகள் பெருமைப்படுவாள் என்றும் ஓர் எண்ணம் உள்ளே ஓடிற்று.

மறுநாள் காலை, ஊர் காலியாகிவிட்டதா என்று கண்ணால் பார்த்து, மகளைத் தம்மோடு அழைத்துவரக் கருதி அவர் அல்லிக்கரை மேட்டுக்குச் சென்றார். மேட்டில் ஆளில்லை. கீழே பறை ஒலித்தது. எட்டிப் பார்த்தார். ஏரியின் வடிகால் ஓடையில், வெள்ளம் வரக்கூடிய அந்த வழியிலேயே, வாழைமரமும் தோரணமும் கட்டி, புத்தாடை உடுத்தி, ஊர் முழுவதும் நின்றிருந்தது. கணுக்கால் அளவு நீரில், மஞ்சளும் பூவும் ஏந்திய பெண்களுக்கு முன்னால், ஓலை எழுதியவரின் மகள் என்ற மரியாதையோடு பூதிநங்கையை நிறுத்தியிருந்தார்கள்.

அவர் செருப்பை உதறிவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினார். ஊர்த்தலைவரான சம்பந்தி கொற்றனார் கைகூப்பி எதிர்கொண்டார். “வாங்க சம்பந்தி! எப்பேர்ப்பட்ட ஓலை! ஆத்தா எழுந்தருளப் போறான்னு கேட்டதும் ஊரே சிலிர்த்துப் போச்சு. வழியைப் போற்றச் சொன்னீங்க, ஒரு ஆள் மிச்சமில்லாம வந்துட்டோம்” என்றார்.

எழினியார் வாய் திறந்தார். அரையர் இதனை நம்புவது அரிது. ஆயினும் நடந்தது இதுவே. அந்த இடத்தில், அந்த நொடியில், அவர் பொருள் விளக்கத் தொடங்கினார். ‘போற்றுமின்’ என்பது அவ்விடத்து வழிபாட்டைக் குறிக்காது என்றார். பண்டை வழக்கில் அது வேறு என்றார். வாழ்நாள் முழுதும் பழகிய நாவுக்கு வேறொன்றும் வரவில்லை. ஊரார் பணிவோடு தலையசைத்துக் கேட்டனர். தெளிந்து ஓடிய நீர் அவர்கள் காலடியில் செம்மண் நிறமாகிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்த்தார்; பார்த்துக்கொண்டே பேசினார்; பேச்சை நிறுத்தத் தெரியவில்லை.

பூதிநங்கைதான் தட்டைக் கீழே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்தாள். “அப்பா, பொருள் சொல்லாதீங்க. நாங்க என்ன பண்ணணும்? அதைச் சொல்லுங்க.”

அப்போதுதான் அவர் கத்தினார். “ஏரி உடையுது! மேட்டுக்கு ஓடுங்க!”

குழந்தைக்கும் புரியும் சொற்கள். மறுகணம் அந்தக் கூட்டத்தில் ஒருவர் கையும் கூப்பியபடி இல்லை. பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். பூதிநங்கையை இருவர் தூக்கிச் சென்றனர். பின்னால் இடிபோல ஓர் ஓசை கேட்டது. மேட்டில் ஏறித் திரும்பியபோது வாழைமரங்களைக் காணவில்லை.

ஓடை வளைவின் அப்புறம் பறையடித்துக்கொண்டிருந்தவர்கள் மட்டும், தம் பறையொலியில் அந்தக் கூச்சலைக் கேட்கவில்லை. அவர்கள் இன்னும் மங்கலமாக அடித்துக்கொண்டே இருந்தார்கள். மேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. எல்லோரும் கத்தினார்கள். பிறகு அடிதாளத்தின் நடுவிலே பறை நின்றது.

இறந்தோர் வீடுகளுக்கு எழினியார் சென்று வாசலில் விழுந்தார். ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. “ஆத்தா அவங்களைக் கூட்டிக்கிட்டா, ஓலையிலேயே சொல்லியிருந்துச்சே” என்றனர். அதைக் கேட்டே அவர் உடைந்து போனார். அவர் எழுதியதை அவர்கள் இன்றும் நம்புகிறார்கள். பேரன் பிறந்திருக்கிறான், அவனை இன்னும் அவர் தூக்கவில்லை.

அரையரே, உம் ஓலையைக் கோமகள் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ‘தாழிக்குளத்துத் தண்புனலாள் தாள் பெயர்த்து வருமிடத்தைப் போற்றுமின்’ என்ற வரி வந்ததும், அவையில் அமர்ந்திருந்த எழினியார் இரு காதையும் பொத்திக்கொண்டார். அவ்வோலை ஒருபோதும் குடிகளிடம் போகலாகாது என்பது கோமகள் ஆணை. அதற்கு ஈடாக எழினியாரே தம் கையால் எழுதியது சிவப்பு நூல் கட்டிய சிற்றோலை. அதன் வாசகம் முழுவதும் இது:

“ஏரி உடையப் போகிறது. இப்போதே வீட்டை விட்டு மேட்டுக்குப் போங்கள். மாடுகளை அவிழ்த்து விடுங்கள். பாத்திரம் பண்டம் எடுக்க நிற்காதீர்கள். தண்ணீரைப் பார்க்க நிற்காதீர்கள். ஓடுங்கள்.”

இதில் அரசமுறை அழகு இல்லையே என்று உமக்குத் தோன்றும். இங்கேயும் சிலர் முகம் சுளித்தனர். முன்னே ஒரு மங்கலச் சொல்லாவது சேர்க்கலாமா என்று உம் எழுத்தர் கேட்பார், சேர்க்கலாகாது. பறை அறைவோருக்கும் ஒரு கட்டளை உண்டு: அறைந்து, படித்து முடித்தபின், பறையைக் கீழே வைத்துவிட்டு அவர்களும் மேட்டுக்கு ஓட வேண்டும்.

வாழ்த்தும் வணக்கமும் கூறி முடிப்பது மரபு. அவற்றை மழை ஓய்ந்த பின்னர் விடுப்போம். கோமகள் இலச்சினை இட்டது; அமைச்சர் காடன் உதியனார் எழுத்து.

இனி உம் மண்டலத்தில் குடிகளுக்கு விடுக்கும் எந்த ஓலையையும், விடுக்குமுன் கோட்டை வாயிலில் நிற்கும் நாலு பேருக்கு உரக்கப் படித்துக் காட்டுக. வெள்ள ஓலையைக் கேட்டவர்கள் கைகூப்பினால் அதைக் கிழித்தெறிக. கேட்டவர்கள் ஓடத் தொடங்கினால், அதுவே சரியான ஓலை. அவர்களைத் தடுக்காமல் அதை விடுக்க.