இலைக்குள் சுற்றிய சக்கரம்

ராலுவானா, கோகோபோ
செவ்வாய்க்கிழமை, மழை விட்ட நேரம்

என் அருமை மருமகள் லிடியாவுக்கு உன் தாய்மாமன் தோவரிமா எழுதுவது. நான் இங்கே பாறை மாதிரி இருக்கிறேன், நீ அந்த பிரிஸ்பேன் குளிரில் காதை மூடிக்கொண்டு திடமாக இருக்க ஏசுவை வேண்டிக்கொள்கிறேன், நம் ஊர் எரிமலையிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. பணம் எப்படிப் பிறக்கிறது, அதன் மதிப்பு எப்படிக் குறையாமல் நிற்கிறது என்று பரீட்சைக்கு எழுத வேண்டுமாம், நம்முடைய தாபு சிப்பிப் பணமும் அப்படித்தானா என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் போன வருஷம் வந்த வெள்ளைக்காரப் பேராசிரியர் என் விளக்கத்தைக் கேட்டுத் தன் நோட்டையே கிழித்துப் போட்டார், அழுதார் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். எழுதிக்கொள். சாலமன் தீவிலிருந்து கப்பலில் மூட்டை மூட்டையாகச் சிப்பி வரட்டும், அது பணம் இல்லை, வெறும் சிப்பி. ஒவ்வொன்றின் முதுகையும் குறடால் உடைத்துப் பிரம்பில் கோத்தால்தான் பணம். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம், அதைக் கோக்க விரல் நகம் தேய வேண்டும், அதனால் யாரும் ஒரே இரவில் பணம் பண்ணிவிட முடியாது. இது முதல் பூட்டு. சேர்ந்த பாகங்களைச் சக்கரமாகச் சுற்றி இலையில் பொதிந்து வீட்டுக்குள் வைத்துவிட்டால், வைத்தவன் சாகும்வரை அதை யாரும் பிரிக்கக் கூடாது. இது இரண்டாவது பூட்டு. அவன் செத்த அன்று சக்கரத்தை வெட்டி, வந்தவர்களுக்கெல்லாம் பங்கிடுவார்கள், மறுபடி சந்தையில் பணம் ஓடும். உங்கள் பெரிய வங்கி பணத்தை உள்ளே இழுத்து வெளியே விடுகிற வேலையை எங்கள் ஊரில் சாவு செய்கிறது, அதற்குச் சம்பளமும் கிடையாது.

கொஞ்ச காலமாக ஊரில் சாவே விழவில்லை, எல்லாச் சக்கரமும் தூங்குகிறது, கையில் ஓடுகிற தாபு குறைந்துபோயிற்று. பக்கத்து வீட்டு தோமார்மாரின் மகன் சாமுவேல் பெண் வீட்டுக்குப் பரிசமாகக் கொடுக்க ஐம்பது பாகம் கிடைக்காமல் அலைகிறான். ஊரிலேயே பெரிய சக்கரம் என்னுடையது, ஐந்நூறு பாகம், லாரி டயர் அளவு என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் என் இருமலுக்கு இப்போது வந்திருக்கிற மரியாதையைப் பார், மாமா இருமல் எப்படி இருக்கு, நெஞ்சுல சளி கட்டிருக்கா என்று தினம் ஒருவராவது கேட்டுக்கொண்டு வருகிறார்கள். மச்சான், உன் இருமல் எப்பதான் ஒரு முடிவுக்கு வரும், என் பையன் தலை நரைச்சிடும்போல இருக்கே என்று தோமார்மார் சிரிக்கிறான். அவசரம்னா நீ முந்திக்கடா, உன் சக்கரமும் சும்மாதானே தூங்குது என்றேன். அன்று பாக்கு மெல்ல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். உண்மையைச் சொன்னால் அந்த இருமல் நான் வரவழைத்ததுதான். உன் அம்மா போனபின் உன்னை ஆறு வயதிலிருந்து வளர்த்த வீடு இது, நீ படிக்கப் போன பிறகு யாரும் படியேறி வரவில்லை. வாசலில் ஆள் நிழல் தெரிந்தால் பலமாக இருமுவேன், அவர்கள் உள்ளே வந்து உட்காருவார்கள். சிலநாள் கோழியும் கீரையும் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொண்டுவருவதும் உண்டு.

இனி எழுதப்போவதை யாரிடமும் காட்டாதே, பிரிஸ்பேனிலும் நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். லாரி டயர் அளவு என்றேன் அல்லவா, உள்ளே இருப்பது லாரி டயர்தான். மேலே ஒரு சுற்றுச் சிப்பி, அதன்மேல் இலை. மீதியெல்லாம் உன் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் விமான டிக்கெட்டுக்கும் அரசாங்கக் கினா நோட்டாக மாற்றினேன், கோகோபோவுக்கு அப்பால் தெரியாத ஆட்களாகப் பார்த்து, பாகம் பாகமாக. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நான் போன அன்று ஊர் முழுக்கக் கூடியிருக்க, நம் வழக்கப்படி அக்கா மகள் நீதான் கத்தியை எடுத்து அதை வெட்டவேண்டும். முதல் வெட்டிலேயே ரப்பர் தெரிந்தால் தலைகுனிவது நீ, கெட்ட பேர் வருவது உன் அம்மாவுக்கு. அதனால் கோக்கோ விற்ற காசில் மூன்று மூட்டைச் சிப்பி வாங்கிப் படுக்கை அறையில் ஒளித்து வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு கோக்கிறேன். ஊரில் என்னை விட வேகமாகக் கோப்பவன் கிடையாது, அது உனக்கே தெரியும், ஆனாலும் கண் மங்கிவிட்டது, நாலு மாதத்தில் நாற்பது பாகம்தான் ஆகியிருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வா. பணம் ஒன்றும் கொண்டுவராதே, உன் விரல் போதும். நீ உடைத்துக்கொடு, நான் கோக்கிறேன், முன்பு மாதிரி.

இருமலை நினைத்துக் கவலைப்படாதே, பொய் என்றுதான் சொல்லிவிட்டேனே. இந்த இரண்டு வாரமாகத்தான் வாசலில் யாரும் இல்லாதபோதும் வருகிறது.

நன்றாகச் சாப்பிடு, பரீட்சையில் முதலாவதாக வா, உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உன் தலைமேல் இருக்கட்டும். வரும்போது நல்ல குறடு வாங்கி வர மறக்காதே, என்னுடையது துருப்பிடித்துவிட்டது. இரண்டாக வாங்கு.

உன் வரவைப் பார்த்திருக்கும் மாமன்,
ஏலியாஸ் தோவரிமா