டச் விட்டுப்போச்சு

செவ்வாய்
காலையில் தூறல். அதற்கே லஸ் முனையில் கணுக்கால் தண்ணீர்.

மாலை மாதா கோயிலில் பாட்டு ஒத்திகை. சனிக்கிழமை தங்கை மகள் கல்யாணப் பூசை; கீபோர்டு நான். பழைய ஆர்கன் மூலைக்குப் போய்விட்டது. இப்போது லேப்டாப்பில் ஓடும் சிந்தசைசர், அதை வாசிக்க எதிரே வெறும் கட்டைகள். இன்று சத்தமே எழும்பவில்லை. விரல் கட்டைமேல் இருக்கும்போதே ஸ்வரம் செத்துப்போகிறது.

ஸ்டெல்லா டீச்சர் (குழுத் தலைவி, உண்மை மட்டுமே பேசும் வியாதி உண்டு): "என்னண்ணே, ஒரு வாரம் திருச்சி போய்ட்டு வந்தீங்க, டச் விட்டுப்போச்சா? கல்யாணத்துக்கு வேணா ஆன்டனிய உக்கார வைக்கட்டா?"

ஆன்டனி டிரம்ஸ்காரன். நான் இல்லாத வாரம் அவன்தான் கீபோர்டு. வாசிக்க மாட்டான், அறைவான். அறைந்து காட்டினான். சுவர் அதிர்ந்தது. எல்லோரும் என் விரல்களைப் பார்த்தார்கள்.

புதன்
அப்பாவுக்கும் விரலில்தான் ஆரம்பித்தது. கடைசியில் டம்ளர் பிடிக்க முடியவில்லை.

இணையத்தில் தேடினேன். கிடைத்த எல்லா நோயும் எனக்குப் பொருந்தியது, பிரசவத்துக்குப் பின் வருவதைத் தவிர. அடையாறில் நரம்பு டாக்டர், திங்கள் மாலை. மனைவி பிலோவிடம் சொல்லவில்லை. காபி டம்ளரை இரண்டு கையால் பிடித்தேன். பார்த்துவிட்டாள்.

வியாழன்
வெயில். பிலோவிடம் சொல்லியாயிற்று. பயிற்சிக்காக லேப்டாப்பும் கட்டைகளும் வீட்டில். "தள்ளுங்க" என்று உட்கார்ந்து, சப்பாத்தி மாவு பிசையும் கையால் தட்டினாள். அதே ஈனக்குரல், அதே சாவு.

"அப்ப எனக்கும் நரம்புக் கோளாறா? ஒரே வீட்ல ரெண்டு பேருக்கா?"

செட்டிங்ஸைத் திறந்தேன். 'டச்' என்றே ஒரு வரி. 'ஹெவி'யில் இருந்தது. ஓங்கி அடித்தால்தான் முழு ஒலி. மெல்லத் தொட்டால் சத்தமும் குறையும், ஆயுளும் குறையும். 'லைட்'டுக்கு மாற்றித் தொட்டேன். எழும்பியது. விரலை எடுக்கும்வரை நின்றது. எடுக்கவில்லை.

பிலோ: "போதும், பக்கத்து வீட்ல குழந்த தூங்குது."

ஆன்டனிக்கு போன். "ஆமாண்ணா, நான்தான் மாத்தினேன். நான் தொட்டாலே ஸ்பீக்கர் அலறிக்கினு இருந்துச்சு. சொல்ல மறந்துட்டேன். இன்னாண்ணா, கோவமா?"

கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கடுமையாக "சரி" என்று வைத்தேன்.

சனி
கல்யாணம். மணமக்கள் வாசலைத் தாண்டும்வரை கடைசி ஸ்வரம் நின்றது. தங்கை அழுதாள், என் வாசிப்புக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

ஸ்டெல்லா: "டச் வந்துருச்சுண்ணே."
எங்கே போயிருந்தது என்று நான் சொல்லவில்லை. பிரியாணியில் உப்பு குறைவு. இரண்டு முறை வாங்கினேன்.

திங்கள்
டாக்டரை ரத்து செய்ய பிலோ விடவில்லை. "ஹெவியோ லைட்டோ, காட்டிட்டு வாங்க."

அடையாறு. வயதில் சிறிய டாக்டர். தன் இரண்டு விரல்களை நீட்டி, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

"குட். நல்லாவே இருக்கு." நான் பிடியை விடவில்லை.

"சார், போதும். விடுங்க."